ராஜாவின் பிரகடனமும் சனங்களின் கணக்கும்

சமயச் சீர்திருத்தம் என்றால் ஒரு ராஜா பெயரோ மகான் பெயரோதான் நமக்கு வாயில் வரும். இடுக்கிப் பக்கத்து நம்மவர்களைக் கேட்டால், கோயிலைத் திறந்துவிட்டது திருவிதாங்கூர் மகாராஜா என்பார்கள். தப்பில்லை. ஸ்ரீ சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். ஆனால் பாலக்காடு அன்று திருவிதாங்கூரில் இல்லை. சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. இங்கே பிரகடனம் போட ராஜா கிடையாது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பாரத்தைச் சுமந்தவர்கள் சாதாரண சனங்கள்தாம்.

யூதர்களின் பழைய வேதத்திலும் இதே சங்கதி உண்டு. கி.மு. 622 வாக்கில் யோசியா ராஜா எருசலேம் தேவாலயத்திலிருந்து விக்கிரகங்களை அகற்றிச் சீர்திருத்தம் செய்தார் என்று எழுதியிருக்கிறது. அவருடைய தகப்பனை அரண்மனை ஊழியர்கள் கொன்றபோது, எட்டு வயதுப் பிள்ளையான யோசியாவைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தவர்கள் யார்? தேசத்து ஜனங்கள். பேரேட்டில் ராஜா பெயர் நிற்கிறது. ஜனங்கள் சிட்டையோடு போய்விட்டார்கள். எங்கள் சமண சமயத்திலும் பதினைந்தாம் நூற்றாண்டில் குஜராத்தில் உருவ வழிபாட்டைக் கேள்வி கேட்ட லோங்கா ஷா துறவி அல்லர். ஏடுகளைப் பிரதி எடுத்துப் பிழைத்த இல்லறத்தார்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பொதுச் சாலைகள் எல்லோருக்கும் பொது என்று சென்னை அரசு 1924 செப்டம்பரில் ஆணையிட்டது. அதை நம்பி நவம்பர்த் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தி வீதியில் நுழைந்த ஈழவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். அக்கிரகாரத்தார் நம் தமிழர்கள்தாம் என்பதை மறைப்பதில் புண்ணியமில்லை. பிறகு ஈழவர்களில் ஒரு சாரார் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்த உரிமையோடு மீண்டும் நுழைந்தார்கள். இதே பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்களில் ஒருவரான டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர்தான், 1923இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கி, சாதி பாராமல் பிள்ளைகளைச் சேர்த்தார். சனங்கள் என்றால் ஒரே மாதிரி சனங்கள் அல்ல. அடித்தவரும் சனம், அணைத்தவரும் சனம்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பொன்னானித் தாலுகாவில் நடந்த வாக்கெடுப்பு. குருவாயூர் சத்தியாக்கிரகம் 1931 நவம்பர் 1இல் தொடங்கியது. பி. கிருஷ்ணபிள்ளை கோயில் மணியை அடித்ததற்கு அடி வாங்கினார். 1932 செப்டம்பரில் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்து, காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி அக்டோபர் 2இல் முடித்தார். சரி, சனங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அவர்களையே கேட்டுவிடலாமே என்று ஏற்பாடாயிற்று. கோயிலில் ஏற்கெனவே நுழையும் உரிமை பெற்றிருந்த சாதியாரை மட்டும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ‘உனக்கு இருப்பதை அவனுக்கும் கொடுக்கச் சம்மதமா?’ என்பதே கேள்வியின் சாரம்.

வாக்குரிமை உள்ளவர் 27,465 பேர். வாக்களித்தவர் இருபதாயிரத்துச் சொச்சம். அதில் 77 விழுக்காடு சம்மதம், எதிர்ப்பு 13 விழுக்காடுதான், மற்றவர் நடுநிலை. சம்மதித்தவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள்! அன்றாடம் குளித்துத் தொழப் போகிறவர்கள், தீட்டு, ஆசாரம் எல்லாவற்றையும் வீட்டில் கட்டிக் காத்தவர்கள், அவர்களே ‘வரட்டும்’ என்று சொன்னார்கள். ஆசாரத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்ன பெரிய மனிதர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொல்லியும் கதவு திறக்கவில்லை. கோயில் சாமூதிரியின் பொறுப்பில் இருந்தது, அவர் இசையவில்லை. திருவிதாங்கூரிலும் அப்படித்தான். வைக்கம் சாலைகளுக்காக 1924இல் இருபத்தையாயிரம் பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் மகாராணியிடம் போயிற்று. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் 22க்கு 21 என்று ஒரே வாக்கில் தோற்றது. ஒப்பமிட்டவர்கள் மேல்சாதியார் என்பது நினைவிருக்கட்டும்.

குருவாயூர் திறந்தது 1947 ஜூன் 2இல். வாக்கெடுப்பு முடிந்து பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தாலுகா இன்று மலப்புறம், திருச்சூர், பாலக்காடு என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பகுதிகளிலிருந்து பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் நம்மிடையே இருக்கக்கூடும். 1932இல் வாசலில் வந்து கேட்டவர்களிடம் தன் பாட்டி என்ன சொன்னாள் என்று யார் வீட்டிலாவது பேச்சு வழங்கினால், நாலு வரியானாலும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.