ஜீப்புக்குச் சாவி வந்த கதை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய மகேந்திரா ஜீப் வைத்திருப்பவர் யாரிடமாவது சாவியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வளையத்தில் மூன்று நான்கு தொங்கும். ஸ்டார்ட் செய்ய ஒன்று, டிரைவர் பக்கக் கதவுக்கு ஒன்று, இடது கதவுக்கு இன்னொன்று, டீசல் டேங்க் மூடிக்கு ஒரு சின்னச் சாவி. "கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாத்துக்கும் ஒரே சாவிதான் சார், நடுவுல யாரோ மாத்திட்டாங்க" என்பார்கள். பல வண்டிகளுக்கு இது பொருந்தாது. அந்த வண்டிக்கு இரும்புக் கதவே கம்பெனியில் போட்டதாக இருக்காது.

ஜீப் பிறந்த விதம் அப்படி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. ஒன்றுக்கும் கதவு கிடையாது. ஏறும் இடத்தில் குறுக்கே ஒரு பட்டை, அவ்வளவுதான். கதவில்லாத வண்டிக்குக் கதவுப் பூட்டு எதற்கு? ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் இக்னிஷனுக்குச் சாவி இருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: எல்லா ஜீப்புக்கும் ஒரே சாவி. எச் 700 என்று அதற்கு எண். எந்தப் படைவீரன் கையில் இருக்கும் சாவியும் எந்த ஜீப்பையும் கிளப்பும். வண்டி ஓட்டுகிறவன் குண்டடிபட்டு விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் அவன் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாதல்லவா? பிறகு அந்தச் சாவியையும் எடுத்துவிட்டு, சும்மா திருகுகிற சுவிட்சாக மாற்றிவிட்டார்கள்.

சாவி இல்லையென்றால் திருட்டுப் போகாதா? போனது. எதிரி அல்ல, பக்கத்துப் படைப்பிரிவுக்காரனே கிளப்பிக்கொண்டு போனான். அதனால் ஸ்டியரிங்கில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டார்கள். இன்னொரு வழி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. ரோட்டர் இல்லாமல் பெட்ரோல் வண்டி ஒரு அடி நகராது. என்னைக் கேட்டால் பூட்டைவிட இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

நம் நாட்டுக்கு வருவோம். 1945-ல் லூதியானாவில் மகேந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மகேந்திரா அண்ட் முகமது' என்று கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட, 1948-ல் அது 'மகேந்திரா அண்ட் மகேந்திரா' ஆனது. எம் அண்ட் எம் என்ற எழுத்துகளை மாற்ற வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. 1949-ல் மும்பை மஸகானில் வில்லிஸ் உதிரிபாகங்களை இணைத்து ஜீப் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த ஜீப் நம் ஊருக்குப் பெரும்பாலும் சர்க்கார் வண்டியாகத்தான் வந்தது. தாலுகா ஆபீஸ், பி.டி.ஓ. ஆபீஸ், போலீஸ், வனத்துறை. மேலே கான்வாஸ் கூரை, பக்கவாட்டில் கான்வாஸ் திரை. சாவி டிரைவரிடம், வண்டி ஆபீஸ் வாசலில். கதவைப் பூட்ட யாரும் நினைத்ததே இல்லை.

ஓடித் தேய்ந்த சர்க்கார் ஜீப்புகள் ஏலத்துக்கு வந்து தனியார் கைக்கு மாறின. அப்போதுதான் பூட்டு தேவைப்பட்டது. செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளுக்கும் போய் வருகிறவர், வண்டிக்குள் உர மூட்டையையும் மருந்தடிக்கும் பம்பையும் வைத்துவிட்டு இறங்க வேண்டும். பாடி கட்டும் பட்டறையில் தகட்டுக் கதவு போட்டார்கள். கைப்பிடியும் பூட்டும் ஸ்பேர் கடையில் அன்றைக்கு எது கிடைத்ததோ அது. ஒவ்வொன்றும் அதனதன் சாவியோடு வந்தது. வண்டிக்கு வயது நாற்பது என்றால் கதவுப் பூட்டுக்கு இருபதுதான் இருக்கும். அவை என்றைக்குமே ஜோடியாக இருந்ததில்லை. கதவும் இக்னிஷனும் டேங்க் மூடியும் ஒரே சாவிக்கு அமைந்த 'லாக் செட்' என்பது, கம்பெனியே கதவு போட்டுக் கொடுத்த பின்னால் வந்த வண்டிகளின் சமாச்சாரம்.

இதில் இன்னொரு கூத்து டீசல் ஜீப். பழைய டீசல் என்ஜின் ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் அதற்குக் கரண்டு வேண்டாம். சாவியைப் பிடுங்கினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ். அதை இழுத்துப் பிடித்தால் டீசல் நின்று என்ஜின் அடங்கும். அதேபோல் கியரில் போட்டுச் சரிவில் உருட்டிவிட்டால் சாவியே இல்லாமலும் கிளம்பிவிடும். மலையடிவாரத்தில் சரிவுக்கா பஞ்சம்! ஆக அந்த இக்னிஷன் பூட்டு திருடனைத் தடுத்ததைவிட வீட்டுப் பையன்களைத் தடுத்ததுதான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்பதுதான் முன்னேற்றம் என்று நினைக்க வேண்டாம். கார்கள் மலிந்த அமெரிக்காவிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் வெகுகாலம் இரண்டு சாவி கொடுத்தது. இக்னிஷனுக்கு ஒன்று, கதவுக்கும் டிக்கிக்கும் ஒன்று. ஃபோர்டு வேறு மாதிரிப் பிரித்தது: ஓட்டுவதற்கும் கதவுக்கும் ஒன்று, டிக்கிக்குத் தனி. வண்டியை நிறுத்தி வைக்கும் ஆளிடம் ஓட்டும் சாவியை மட்டும் கொடுத்தால் டிக்கியில் இருப்பது பத்திரம். இங்கே டிரைவர் வைத்து ஜீப் ஓட்டிய முதலாளிகளும் இக்கணக்கைத் தாங்களாகவே போட்டார்கள். ஓட்டும் சாவி டிரைவரிடம், டேங்க் மூடிச் சாவி வீட்டில் ஆணியில். டீசல் விலை தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் இருட்டில் சாவியைத் தடவித் தடவிச் சலித்தவர்கள் கதவையும் இக்னிஷனையுமாவது ஒன்றாக்க விரும்புவார்கள். செய்யலாம். பூட்டுக்குள் சாவி நுழையும் உருளையில் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஸ்பிரிங்கின் மேல் இருக்கும். சாவி இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு உருளையைத் திரும்பவிடாது. சரியான சாவி நுழைந்தால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு உள்ளே போய்விடும். எந்தச் சாவியை வைத்துக்கொள்ளப் போகிறோமோ அதை அடுத்த பூட்டில் நுழைத்து, துருத்துகிற தகடுகளை எடுத்துவிட்டு, அந்த வெட்டுக்குத் தக்க தகடுகளைப் போட வேண்டும். இரண்டு பூட்டிலும் சாவியின் பள்ளம் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி உள்ளேயே போகாது.

சிலர் பொருந்தாத தகடுகளை எடுத்துப் போட்டுவிட்டு, மீதி இரண்டோடு மூடிக் கொடுத்துவிடுவார்கள். சாவி நன்றாகவே திரும்பும். கணக்குப் போட்டால் தெரியும்: ஐந்து தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவு என்றால் 1024 விதச் சாவிகள். இரண்டு தகடுதான் மிச்சம் என்றால் பதினாறே விதம். அநேகமாக உங்கள் தெருவில் நிற்கும் வேறொரு வண்டியின் சாவியே அதைத் திறந்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றிய தகடுகளுக்குப் பதில் எத்தனை போட்டார் என்று பக்கத்தில் நின்று எண்ணிக்கொள்வது நல்லது.

மாதிரிக்குத் தேய்ந்த இக்னிஷன் சாவியைக் கொடுக்காதீர்கள். அதைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். பூட்டிலோ பழைய சாவியிலோ குறியீட்டு எண் பொறித்திருந்தால் அதை வைத்து வெட்டச் சொல்லுங்கள். எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு எழுதி வையுங்கள், வண்டிக்குள் மட்டும் வேண்டாம்.