உலக அமைதிப் படை: காந்திகிராமத் தொடக்கம்

நாடு கடந்த பூசல்களின் நடுவே ஆயுதம் ஏந்தாத தொண்டர்களை நிறுத்துவதற்காக உருவான அமைப்பு, உலக அமைதிப் படை. 1961 முடிந்து 1962 பிறந்த நாட்களில் லெபனானின் புரும்மானாவில் நிறுவப்பட்டது. அதற்கு விதை விழுந்த இடம் திண்டுக்கல்–மதுரை சாலையில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டியை ஒட்டியுள்ள காந்திகிராமம்.

டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைக் கல்விக்கும் கிராமப் பணிக்குமான வளாகமாகத் தொடங்கினர். ஆயுதமில்லாத அமைதித் தொண்டர் படையான சாந்தி சேனை பற்றிக் காந்தி 1948 பிப்ரவரியில் சேவாகிராமத்தில் கூடிப் பேச எண்ணியிருந்தார். ஆனால் அதற்குமுன் சனவரி 30இல் சுட்டுக் கொல்லப்பட்டார். காந்தியின் சீடரான வினோபா 1957இல் அந்தச் சேனையை அமைத்தார். ராமச்சந்திரன் அதைக் காந்திகிராமத்தின் மாணவர்களிடம் கொண்டுவந்தார்.

போர் எதிர்ப்பாளர்களின் பன்னாட்டு அமைப்பு 1921இல் நெதர்லாந்தில் பிறந்தது. அதன் மூன்றாண்டு மாநாடு 1960 டிசம்பரில் காந்திகிராமத்தில் கூடியது. உலகளாவிய அமைதிப் படை வேண்டும் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. காலம் கவனிக்கத்தக்கது. ஐ.நா.வின் நீலத் தலைக்கவசப் படை அந்த ஆண்டு ஜூலையில்தான் காங்கோவுக்குள் நுழைந்திருந்தது; 1961இல் இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் அங்கே போய்ச் சேர்ந்தது. துப்பாக்கியோடு அமைதி காக்க இந்தியா ஆள் அனுப்பிய அதே வேளையில், துப்பாக்கியே இல்லாமல் காக்க முடியுமா என்று ஒரு கிராம வளாகம் கேட்டது. அந்தக் கேள்விக்கு வரலாற்று நூல்கள் இன்னும் உரிய இடம் தரவில்லை.

ஜெயப்பிரகாஷ் நாராயண், அமெரிக்கரான ஏ. ஜே. மஸ்டே, ஆங்கிலேயப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரும் படையின் இணைத் தலைவர்கள். வடக்கு ரொடீசியாவின் (இன்றைய சாம்பியா) விடுதலைக்குத் துணையாக, தார் எஸ் சலாமில் முகாமிட்டு ஒரு பேரணிக்கு ஆயத்தம் நடந்தது; ஆனால் பேரணி புறப்படவில்லை. 1963 மார்ச்சில் தில்லியிலிருந்து பீக்கிங் நோக்கிக் கிளம்பிய நட்புப் பயணத்தைச் சீனா தன் எல்லைக்குள் விடவில்லை. நாகாலாந்தில் 1964 செப்டம்பரில் இந்திய அரசுக்கும் நாகா கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே போர்நிறுத்தம் அமைய ஜெயப்பிரகாஷும் ஸ்காட்டும் உழைத்தது பெரிய பலன். அதன்பின் படை கலைந்தது.

1981இல் கனடாவில் பன்னாட்டு அமைதிப் படைகள் என்ற புதிய அமைப்பு தோன்றியது. சாந்தி சேனையின் நாராயண் தேசாய் அதை நிறுவியவர்களுள் ஒருவர். தமிழில் 'அமைதிப் படை' என்றாலே 1987இல் இலங்கைக்குப் போன இந்திய ராணுவமும் அதன் கசப்பும்தான் நினைவுக்கு வரும். அந்த ராணுவம் 1990 மார்ச்சில் திரும்புமுன், 1989இலேயே புதிய அமைப்பின் தொண்டர்கள் இலங்கை சேர்ந்துவிட்டனர். கொலை மிரட்டலுக்கு ஆளான வழக்கறிஞர்களுக்கு வெறுங்கையோடு வழித்துணையாகச் சென்றனர். தங்கள் அறிக்கைகளை அரசின் தணிக்கைக்கு உட்படுத்த மறுத்து, 1998இல் நாட்டைவிட்டு வெளியேறினர்.