எசுப்பானியத் தற்சுட்டு வினைகள்

எசுப்பானிய மொழியில், ஒரு செயலைச் செய்பவரும் அச்செயலின் பயனை அடைபவரும் ஒருவரே என்பதைக் காட்டும் வினைச்சொற்கள் தற்சுட்டு வினைகள் எனப்படும். இவை எப்போதும் மே, தே, சே, நோஸ், ஓஸ் ஆகிய தற்சுட்டுப் பெயர்களுள் ஒன்றுடன் சேர்ந்தே வரும். எழுதல், குளித்தல், உடுத்தல், உறங்குதல் போன்ற அன்றாடச் செயல்கள் பலவும் இவ்வினைகளால் குறிக்கப்படுவதால், எசுப்பானியம் கற்போர் இவற்றைத் தொடக்கத்திலேயே எதிர்கொள்கின்றனர். 'என் பெயர்...' என்று தம்மை அறிமுகப்படுத்த வழங்கும் 'மே யாமோ' என்ற தொடரும் தற்சுட்டு வினையே ஆகும். 'நான் என்னை அழைத்துக்கொள்கிறேன்' என்பது அதன் நேர்ப்பொருள்.

(இக்கட்டுரையில் எசுப்பானியச் சொற்கள் ஏறத்தாழ அவற்றின் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.)

வடிவம்

எசுப்பானிய வினைகளின் அடிப்படை வடிவம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று ஈறுகளுள் ஒன்றில் முடியும். அகராதியில் இவ்வீற்றின் பின் 'சே' ஒட்டியிருந்தால் அது தற்சுட்டு வடிவம் என அறியலாம். லவார் என்பது 'கழுவு'. லவார்சே என்பது 'தன்னைக் கழுவிக்கொள்'. 'லாவோ எல் கோச்சே' என்றால் 'நான் மகிழுந்தைக் கழுவுகிறேன்'. 'மே லாவோ' என்றால் 'நான் என்னைக் கழுவிக்கொள்கிறேன்'. முன்னதில் செயல் பிற பொருளின் மேல் செல்கிறது. பின்னதில் செய்பவரிடமே திரும்புகிறது.

நிகழ்காலத் திரிபு

நிகழ்காலத்தில் பயன்படுத்தும்போது ஈற்றிலுள்ள 'சே' நீங்கும். எழுவாய்க்கு உரிய தற்சுட்டுப் பெயர் வினைக்கு முன் வரும். வினை தனக்குரிய வழக்கமான விகுதியை ஏற்கும். லவார்சே பின்வருமாறு திரியும்:

* யோ (நான்) – மே லாவோ
* தூ (நீ) – தே லாவஸ்
* எல், எய்யா, உஸ்தேத் (அவன், அவள், தாங்கள்) – சே லாவா
* நோசோத்ரோஸ் (நாங்கள், நாம்) – நோஸ் லவாமோஸ்
* வோசோத்ரோஸ் (நீங்கள் பலர்) – ஓஸ் லவாய்ஸ்
* எய்யோஸ், எய்யாஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், தாங்கள் பலர்) – சே லாவன்

விகுதியே எழுவாயை உணர்த்திவிடுவதால் யோ, தூ போன்றவை பெரும்பாலும் விடப்படும். தற்சுட்டுப் பெயரை மட்டும் விட இயலாது. வோசோத்ரோஸ் வடிவம் எசுப்பானியாவில் வழங்குவது. இலத்தீன் அமெரிக்காவில் அதற்கு மாற்றாக உஸ்தேதெஸ் வழங்குவதால் அங்கு 'ஓஸ்' பேச்சில் இல்லை. அர்ச்சென்டீனா, உருகுவை முதலிய நாடுகளில் 'நீ' என்பதற்கு வோஸ் வழங்கினாலும் அதற்குரிய தற்சுட்டுப் பெயர் 'தே' ஆகும்: வோஸ் தே லவாஸ்.

சில வினைகளில் வேரின் உயிரொலியும் மாறும். தெஸ்பெர்த்தார்சே (விழித்தெழு) 'மே தெஸ்பியெர்த்தோ' என்றும், அகோஸ்தார்சே (படுத்துக்கொள்) 'மே அகுவெஸ்தோ' என்றும், வெஸ்தீர்சே (உடுத்திக்கொள்) 'மே விஸ்தோ' என்றும் ஆகும். நோசோத்ரோஸ், வோசோத்ரோஸ் வடிவங்களில் இம்மாற்றம் இல்லை: நோஸ் தெஸ்பெர்த்தாமோஸ்.

தற்சுட்டுப் பெயரின் இடம்

எதிர்மறையில் 'நோ' என்ற சொல் தற்சுட்டுப் பெயருக்கும் முன்னால் வரும்: நோ மே லாவோ. இரு வினைகள் சேர்ந்து வரும்போது தற்சுட்டுப் பெயரை முதல் வினைக்கு முன்னோ, அடிப்படை வடிவின் ஈற்றிலோ வைக்கலாம். 'மே கியேரோ லவார்', 'கியேரோ லவார்மே' ஆகிய இரண்டும் 'நான் கழுவிக்கொள்ள விரும்புகிறேன்' என்றே பொருள்படும். இங்கு 'லவார்சே' என்று விட்டுவிடுவது பிழையாகும். எழுவாய் 'நான்' ஆதலால் 'மே' வரவேண்டும்.

பொருள் வகைகள்

* தன்மேற் செயல்: மேலே கண்ட லவார்சே, வெஸ்தீர்சே போன்றவை.
* ஒருவர்க்கொருவர் செய்யும் செயல்: 'சே அப்ராசன்' (ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்). விடைபெறும்போது கூறும் 'நோஸ் வேமோஸ்' (சந்திப்போம்) இவ்வகையினது. நிகழ்கால வடிவிலிருந்தே எதிர்காலப் பொருள் தருகிறது.
* எப்போதும் தற்சுட்டாகவே வருபவை: கெஹார்சே (குறை கூறு), அத்ரெவேர்சே (துணி) போன்றவை 'சே' இன்றி வழங்குவதில்லை. இவற்றில் 'தன்னை' என்ற பொருள் வெளிப்படையாக இல்லை.
* பொருள் மாறுபவை: ஈர் 'போ', ஈர்சே 'புறப்பட்டுப் போய்விடு', தோர்மீர் 'உறங்கு', தோர்மீர்சே 'உறங்கிப்போ', பரெசேர் 'தோன்று', பரெசேர்சே 'ஒத்திரு'.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் இப்பொருளைத் தரும் தனி வினைவகை இல்லை. எனினும் 'கொள்' என்னும் துணைவினை பல இடங்களில் இதற்கு நெருக்கமானது: உடுத்திக்கொள், படுத்துக்கொள், தழுவிக்கொள். ஆனால் எழு, விழி போன்ற வினைகளுக்குத் தமிழில் 'கொள்' தேவையில்லை. எசுப்பானியத்தில் தற்சுட்டுப் பெயர் தேவை. எனவே சொல்லுக்குச் சொல் மாற்றிப் பேசினால் 'மே' விடுபட்டுவிடும்.

'சே' படர்க்கைக்கு உரியதாயினும் உஸ்தேத் என்ற மரியாதை முன்னிலையுடனும் வரும். உஸ்தேத் என்பது 'தங்கள் அருள்' என்று பொருள்படும் 'வுவேஸ்த்ரா மெர்சேத்' என்ற தொடரின் குறுக்கம் ஆதலால் இலக்கணத்தில் படர்க்கையாகவே நடத்தப்படுகிறது. தற்சுட்டுச் சொல்லாகிய 'தாங்கள்' தமிழில் மரியாதை முன்னிலையாக வழங்குவது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது.

குழப்பம் தரும் இடங்கள்

* உடலுறுப்புகளுடன் 'என்', 'உன்' போன்ற உடைமைச் சொற்கள் பொதுவாக வருவதில்லை. 'மே லாவோ லாஸ் மானோஸ்' (கைகளைக் கழுவிக்கொள்கிறேன்) என்பதில் யாருடைய கை என்பதை 'மே' உணர்த்துகிறது.
* 'மே சியென்தோ' என்பது சென்தார்சே (அமர்), சென்தீர்சே (உணர்) ஆகிய இரண்டற்கும் பொது. 'மே சியென்தோ அக்கீ' எனில் 'இங்கு அமர்கிறேன்'. 'மே சியென்தோ மால்' எனில் 'உடல்நலமின்றி உணர்கிறேன்'. முன்னிலையில் இவை தே சியென்தஸ், தே சியென்தெஸ் எனப் பிரியும்.
* 'மே குஸ்தா' (எனக்குப் பிடிக்கிறது) தற்சுட்டு அன்று. இங்கு 'மே' நான்காம் வேற்றுமைப் பொருளில் 'எனக்கு' என நிற்கிறது. படர்க்கையில் இது 'லே குஸ்தா' ஆகும்.
* 'சே ஆப்லா எஸ்பஞோல்' (எசுப்பானியம் பேசப்படும்) போன்ற அறிவிப்புகளில் 'சே' செய்பவரைக் குறிப்பிடாத பொதுக்கூற்றை உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* எசுப்பானிய மொழி
* உரோமானிய மொழிகள்
* துணைவினை