இம்பீச்: காலில் பூட்டிய விலங்கு

"கிளிண்டனை இம்பீச் செய்தார்களே, பிறகும் எப்படி அவர் பதவியில் நீடித்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. இம்பீச் என்றாலே பதவி நீக்கம் என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. அந்த வினைச்சொல்லுக்குப் பொருள் குற்றம் சாட்டுதல்; அவ்வளவுதான். 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை கிளிண்டன் மீது குற்றம் சாட்டியது. 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. நிக்ஸனோ இம்பீச் செய்யப்படவே இல்லை. 1974-இல் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

நம் கோர்ட்டுகளுக்கும் இது பழகிய சொல். எதிர்த்தரப்பு சாட்சி நம்பத்தகாதவர் என்று காட்டுவதையும் இம்பீச் செய்வது என்பார்கள். 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 155-ஆவது பிரிவு இதைப் பற்றியதாகவே இருந்தது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பெடிகா' என்றால் கால்விலங்கு. காலைப் பிணைத்து மாட்டவைப்பது 'இம்பெடிகாரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்றும் தடுப்பது என்றே பொருள். ஆங்கிலத்தில் மட்டும் குற்றம் சாட்டுவதாக மாறிவிட்டது. 1376-இல் கூடிய 'நல்ல பார்லிமெண்ட்', லாட்டிமர் பிரபு மீதும் லண்டன் வணிகர் ரிச்சர்ட் லயன்ஸ் மீதும் நடத்திய விசாரணையையே முதல் இம்பீச்மெண்ட் என்பார்கள்.

பழைய பொருள் உள்ளே உயிரோடு இருப்பதை வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கில் காணலாம். வங்காள கவர்னர் ஆகுமுன் நம் சென்னைக் கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்தவர் அவர். காசி ராஜா சைத் சிங்கிடமும் அயோத்தி பேகம்களிடமும் பணம் பறித்தார் என்று எட்மண்ட் பர்க் முழங்கினார். 1788 பிப்ரவரியில் தொடங்கிய விசாரணை ஏழு ஆண்டுகள் இழுத்தது. தொடக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபுக்களில் பலர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். 1795 ஏப்ரலில் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். அதற்குள் வக்கீல் செலவிலேயே அவர் சொத்து கரைந்திருந்தது. தண்டனை இல்லை, ஆனால் விலங்கு இருந்தது.

இதனால் பர்க் செய்தது வீண் என்று சொல்லமாட்டேன். இந்தியாவில் ஆண்டவன் லண்டனில் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆனதே பெரிய விஷயம். ஆனால் ஒன்று. குற்றம் சாட்டுவது ஒரு நாள் வேலை. அதைச் சுமப்பது ஆண்டுக்கணக்கு. நாட்டின் தலைவர் மீதானாலும் அடுத்த வீட்டுக்காரர் மீதானாலும், சாட்டியதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.