பிறந்தநாளுக்குள் முடிக்கச் சொன்ன டாங்கி

1940 மே 21. பிரான்ஸின் அராஸ் நகரத்துக்கு வெளியே ஜெர்மன் வீரர்கள் திகைத்து நின்றார்கள். முன்னேறி வந்த பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள்மீது பட்ட குண்டுகளெல்லாம் தெறித்து விழுந்தன. வேறு வழியில்லாமல், விமானங்களைச் சுடுவதற்கென்று வைத்திருந்த 88 மி.மீ. பீரங்கிகளையும் டாங்கிகளை நோக்கித் திருப்பினார் தளபதி ரோமல். மட்டில்டாக்கள் நின்றுபோயின. அந்தப் பீரங்கியையே ஒரு டாங்கியில் ஏற்றிவிட்டால்?

1941 மே 26 அன்று ஹிட்லர் கூட்டிய கூட்டத்தில் அதற்கான வேலை சூடுபிடித்தது. ரயில் எஞ்சின்களுக்குப் பேர்போன ஹென்ஷல் நிறுவனம் ஒரு பக்கம். ஃபோக்ஸ்வாகன் காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷே மறுபக்கம். நான்கே வாரத்தில் ஜெர்மனி சோவியத் மண்ணில் இறங்கியது. அங்கே எதிர்ப்பட்ட டி-34, கேவி-1 டாங்கிகள் வயிற்றைக் கலக்கின. 1942 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளுக்குள் வண்டி வந்தாக வேண்டும்!

போர்ஷே ஹிட்லருக்குப் பிடித்தமானவர். பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி மோட்டாரில் ஓடுவது அவருடைய வண்டி. முடிவு தெரிவதற்கு முன்பே அதற்கான உடற்கூடுகள் தயாராகத் தொடங்கிவிட்டன. பிறந்தநாளன்று ராஸ்டன்பர்க்கில் இரண்டு வண்டிகளும் ஹிட்லர் முன் ஓடின. பிறகு நடந்த சோதனைகளில் போர்ஷேயின் எஞ்சின்கள் சூடேறித் திணறின. வென்றது ஹென்ஷல். மிஞ்சிய சுமார் 90 கூடுகள் ஃபெர்டினாண்ட் என்ற வேறொரு போர் வண்டியாயின. ஆனால் வென்ற வண்டிக்கும் நல்ல நேரம் பிறக்கவில்லை.

57 டன் எடை. முன்புறக் கவசம் 100 மி.மீ. குறைகளைக் களையக்கூட அவகாசம் தராமல், ஆகஸ்ட் கடைசியில் நான்கு வண்டிகளை லெனின்கிராட் அருகே ம்கா பகுதிக்கு அனுப்பினார்கள். அந்தச் சதுப்பு நிலத்தை இதற்கென்று தேர்ந்தெடுத்ததைப் போன்ற மடத்தனம் வேறில்லை. முதல் நாளே வண்டிகள் அடுத்தடுத்துப் பழுதாகின. செப்டம்பர் தாக்குதலில் ஒன்று சேற்றில் சிக்கியது. எவ்வளவோ முயன்றும் மீட்க முடியாமல், நவம்பரில் ஜெர்மானியர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ரகசியம் அத்தோடு புதைந்ததா? 1943 ஜனவரியில் இன்னொரு வண்டி சோவியத் படையிடம் சிக்கியது. அதைச் சுட்டுச் சுட்டுப் பலவீனங்களைக் கணக்கெடுத்தார்கள்.

அந்த டாங்கிதான் டைகர்.

திறந்தவெளியில் தொலைவிலிருந்தே எதிரி டாங்கிகளை வீழ்த்தியது. நேச நாட்டு வீரர்களை நடுங்கவைத்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் நின்றுபோய், சொந்த வீரர்களே அழித்த டைகர்கள் ஏராளம். மொத்தம் உருவானவையே சுமார் 1,350. துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை பிடித்த 131 எண் வண்டி, இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது.