வாக்குச்சீட்டுக்கு முன் ஒரு பத்திரம்



வாக்களிப்பது குடிமக்களின் கடமை என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால், அந்த உரிமை இந்நாட்டுத் தமிழர்க்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லித் தருகிறோமா? அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். வாக்குரிமை வாக்குச்சாவடியில் தொடங்குவதன்று. பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் தொடங்குவது.

1948: கடுமையான விதிகள்

1946 ஏப்ரல் 1ஆம் நாள் ஆங்கிலேயர் அமைத்த மலாயன் யூனியன் திட்டம், இங்குப் பிறந்தோர்க்கும் நெடுங்காலம் வாழ்ந்தோர்க்கும் தாராளமாகக் குடியுரிமை வழங்க முன்வந்தது. மலாய்க்காரர்களின் கடும் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் அதன் இடத்தில் மலாயாக் கூட்டரசு பிறந்தது. புதிய விதிகள் இறுக்கமானவை. வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும்.

பால்மரம் சீவிப் பிழைத்த தோட்டத் தொழிலாளிக்கு இவை எளிதில் எட்டும் நிபந்தனைகளா? தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகள் தமிழ் படித்தவரே அன்று மிகுதி. வாழ்ந்த ஆண்டுகளை மெய்ப்பிக்கக் கையில் பத்திரமும் இல்லை. ஒருநாள் ஊர் திரும்புவோம் என்ற எண்ணமும் பலர் நெஞ்சில் இருந்தது.

1955: முதல் பொதுத்தேர்தல்

1955 ஜூலை 27ஆம் நாள் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. துன் வீ.தி.சம்பந்தன் கிந்தா உத்தாரா தொகுதியில் வெற்றி பெற்றார்.

ஆனால் வாக்காளர் பட்டியலைக் கவனியுங்கள். பதிவு பெற்றோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் மலாய்க்காரர் சுமார் 84 விழுக்காடு; சீனர் சுமார் 11 விழுக்காடு; இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ, மக்கள் தொகையில் இந்தியர் மட்டுமே சுமார் 11 விழுக்காடு! நாட்டின் ஏற்றுமதிக்கு உயிர்நாடியாய் இருந்த ரப்பரைத் தந்த கைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாக்குச்சீட்டைத் தொடும் உரிமை இல்லை.

1957: திறந்த கதவு

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அந்நாளிலும் அதன் பின்னரும் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறியது. (1962இல் இவ்விதி திருத்தப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று.) விடுதலைக்கு முன் இங்குப் பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு இல்லை என்ற சலுகையும் கிடைத்தது.

விண்ணப்பித்தவர் பலர்; "அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிட்டவரும் பலர். அந்தத் தயக்கத்தின் விலை பின்னர்தான் தெரிந்தது. 1969க்குப் பின் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் வாழ்ந்த தோட்டத்தையும் பெற்ற பிள்ளைகளின் பிறந்த மண்ணையும் விட்டுக் கப்பலேறினர். இங்கேயே தங்கியவர்களுள் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தினர். சிவப்பு அட்டைக்காரர் நிரந்தரவாசி, வாக்காளர் அல்லர்.

2019: இருபத்தொன்றிலிருந்து பதினெட்டு

நீண்ட காலம் வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்தது. அவ்வயது அடைந்தவரும் தாமே சென்று பாரம் நிரப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். 2018 மே 9 தேர்தலின்போது, தகுதி இருந்தும் பதியாதவர் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

2019 ஜூலை 16ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. ஆதரவாக 211 வாக்குகள். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. வயது 18 ஆனது, பதிவும் தானியங்கியானது. இதனால் 2018இல் சுமார் 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19 தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைத் தாண்டியது.

இன்று வாக்களிக்க வேண்டியவை

1. மலேசியக் குடியுரிமையும் 18 வயது நிறைவும் வேண்டும். சிறைத்தண்டனை அனுபவிப்போர் போன்ற சிலருக்குச் சட்டம் தடை விதிக்கிறது.

2. தானியங்கிப் பதிவின்போது அடையாள அட்டையிலுள்ள முகவரியே உங்கள் தொகுதியை முடிவு செய்கிறது. வீடு மாறியும் முகவரியை மாற்றாதவர் பழைய ஊரிலேயே வாக்களிக்க நேரும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை உடனுக்குடன் மாற்றுங்கள்.

3. தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து வாக்களிப்பு மையத்தையும் வரிசை எண்ணையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

4. வாக்களிப்பு நாளில் முதல் அலுவலர் அடையாள அட்டையைச் சரிபார்த்துப் பெயரை உரக்கப் படிப்பார். அடுத்தவர் இடக்கைச் சுட்டுவிரலில் அழியா மை இடுவார். (பொதுத்தேர்தலில் இது 2013இல் முதன்முறையாக வந்தது.) மூன்றாமவர் வாக்குச்சீட்டைத் தருவார்.

5. மறைவிடத்தில் ஒரே ஒரு வேட்பாளருக்கு நேராகப் பெருக்கல் குறி இடுங்கள். வேறு எதையும் எழுதவோ கையொப்பமிடவோ வேண்டா. சீட்டை மடித்துப் பெட்டியில் இடுங்கள்.

நம் பங்கு என்ன?

பதிவுதான் தானாக நடக்கிறதே, இனி நமக்கென்ன வேலை என்று எண்ணுதல் தவறு. தானியங்கிப் பதிவு குடியுரிமை உள்ளவர்க்கே. பத்திரம் இல்லாத பிள்ளையை எந்தக் கணினியும் தேடிக் கண்டுபிடிக்காது.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணப் பதிவு சட்டப்படி கட்டாயம். பதிவு பெறாத மணத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடியுரிமையே கணக்கில் கொள்ளப்படும். தாய் குடிமகள் அல்லாதவராயின், தந்தை நீல அட்டைக்காரராய் இருந்தும் பிள்ளை நாடற்றவனாகும் அவலம் நேரும். அதற்குப் பின் அலைச்சலும் மனுக்களும் ஆண்டுக்கணக்கில் நீளும்.

பெற்றோர்களே, திருமணத்தையும் குழந்தையின் பிறப்பையும் காலம் தாழ்த்தாது பதியுங்கள். பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு மைகார்டு எடுங்கள். ஆசிரியர்களே, மாணவர் சேர்க்கையின்போதே பத்திரங்களைக் கவனியுங்கள். குறை தென்பட்டால் பெற்றோரைத் தனியே அழைத்து, மனம் நோகாமல் வழிகாட்டுங்கள். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவனிடமும் அடையாள அட்டை இருப்பதை உறுதி செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியை விட்டுச் சென்றபின் அந்தப் பிள்ளையின் வீட்டு நிலை அறிந்து கேட்பவர் யாரும் இல்லாமற் போகலாம்.

எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் உரிமை. அது பள்ளிக்குள் வர வேண்டியதன்று. வாக்களிக்கத் தகுதியுள்ளவராய்ப் பிள்ளைகளை வளர்ப்பது நம் அனைவரின் பொறுப்பு. 1958இல் "அப்புறம் பார்க்கலாம்" என்றிருந்ததன் விளைவைப் பேரப்பிள்ளைகள் வரை சுமந்தோம். அதே சொல்லை நாமும் சொல்ல வேண்டா.