குறைந்த அளவு கதிர்வீச்சு: அபாயம் எவ்வளவு? தொடரும் அறிவியல் விவாதம்

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளி கடலோரம், இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த மக்கள் வாழிடங்களுள் ஒன்றாகும். கடற்கரை மணலில் கலந்துள்ள மோனசைட் கனிமத்தின் தோரியமே இதற்குக் காரணம். தலைமுறைகளாக அங்கு வாழ்வோருக்குப் புற்றுநோய் அபாயம் கூடுகிறதா என்ற கேள்வி, அணுமின் நிலையம் முதல் சி.டி. ஸ்கேன் வரை பாதுகாப்பு விதிகளை நிர்ணயிக்கும் நீண்டகால விவாதத்துடன் பிணைந்துள்ளது.

குறைந்த அளவு என்பது எது?

உடலில் கதிர்வீச்சு ஏற்படுத்தக்கூடிய பாதிப்பு மில்லிசீவர்ட் அலகில் அளக்கப்படுகிறது. இயற்கையிலிருந்து ஒருவர் பெறும் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவாகவும், வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனில் சுமார் 10 மில்லிசீவர்ட்டும் உடலை அடைகிறது. பொதுவாக 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழ்ப்பட்டவை குறைந்த அளவாகக் கருதப்படுகின்றன.

விவாதத்தின் மையம்

ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் தப்பியோரிடம் பல்லாண்டுகளாக நடைபெறும் ஆய்வு, கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுவதைக் காட்டியது. அந்த உறவை நேர்கோடாகக் கொண்டு பூஜ்யம் வரை நீட்டினால், எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற அபாயம் உண்டு என்றாகிறது. எல்.என்.டி. எனப்படும் இக்கணக்கே உலகெங்கும் பாதுகாப்பு விதிகளின் அடிப்படை.

பிரான்சின் அறிவியல், மருத்துவ அகாதமிகள் 2005-இல் வெளியிட்ட கூட்டறிக்கை, குறைந்த அளவுகளுக்கு இக்கணக்கைப் பயன்படுத்துவதன் மீது ஐயம் எழுப்பியது. செல்கள் தமது டி.என்.ஏ. சேதத்தைத் தாமே சீர்செய்து கொள்கின்றன என்பது அதன் வாதங்களுள் ஒன்று. மாறாக, அமெரிக்க தேசிய அகாதமிகளின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை எல்.என்.டி. கணக்கை ஆதரித்தது.

அதன் மதிப்பீட்டின்படி, 100 பேர் தலா 100 மில்லிசீவர்ட் பெற்றால், அதனால் ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அதே 100 பேரில் 42 பேருக்குப் பிற காரணங்களால் வாழ்நாளில் புற்றுநோய் வரும். 42-க்கும் 43-க்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிவிவரத்தில் பிரித்தறிவது கடினம். அளவு இன்னும் குறைந்தால் அது ஏறத்தாழ இயலாததாகிறது.

ஆய்வுகள் கூறுவது

கருநாகப்பள்ளியில் 69,958 பேரை சராசரியாக 10.5 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2009-இல் வெளியாயின. அவர்களிடம் 1,379 புற்றுநோய்கள் பதிவாகின. ஆனால் கதிர்வீச்சுக்கேற்ப அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. எனினும், சிறிய அளவிலான அபாயத்தை இம்முடிவு முற்றிலும் மறுக்கவில்லை.

பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3 லட்சத்துக்கும் அதிகமான அணுசக்தித் துறைப் பணியாளர்களைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகக் கூறுகிறது. பணிக்காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்த கதிர்வீச்சுக்கேற்ப, ரத்தப் புற்றுநோய் அல்லாத பிற புற்றுநோய்களால் நேரிடும் இறப்பு கூடியிருந்தது. 100 மில்லிசீவர்ட்டுக்கு இணையான அளவுக்குக் கீழும் இத்தொடர்பு காணப்பட்டது.

விதிகளின் நிலை

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டும், பணியாளர்களுக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டும் வரம்பாக நிர்ணயித்துள்ளது. இயற்கைக் கதிர்வீச்சும் நோயாளிகளுக்கான மருத்துவப் பரிசோதனைகளும் இவ்வரம்புகளில் அடங்கா. எல்.என்.டி. கணக்கைச் சார்ந்திருப்பதை மறுபரிசீலனை செய்யுமாறு அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தை, அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 மே மாதம் பிறப்பித்த ஆணை பணித்தது.

வரம்பு என்பது பாதுகாப்பையும் ஆபத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு அன்று. முன்னெச்சரிக்கைக்காக வகுக்கப்பட்ட அளவே ஆகும். நோயாளிகளைப் பொறுத்தவரை, மருத்துவர் அவசியமெனக் கருதும் ஸ்கேனை அச்சத்தால் தவிர்ப்பது நோயைக் கண்டறியாமல் விடும் பெரிய அபாயத்துக்கு இட்டுச்செல்லும். தேவையின்றி மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் ஸ்கேன்களைத் தவிர்ப்பதை, இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் மறுப்பதில்லை.